பெயர்ப் பட்டியல் யாருக்குச் சொந்தம்?

(மொன்றியலில் நடைபெற்று, இணையவழி நேரலையாக ஒளிபரப்பான இலக்கியச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



எனக்குத் தந்த தலைப்பு 'ஆவணமும் எழுத்தும்'. வரலாற்று நாவல் எழுதுகிறவர்கள் பழைய கடதாசிகளை எப்படித் தேடுகிறார்கள் என்று நான் பேசுவேன் என ஏற்பாட்டாளர்கள் எதிர்பார்த்திருக்கலாம். அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. தேடுகிற கடதாசியை நமக்குக் காட்டுவார்களா? அதனால் இன்றைக்கு நான் ஒரு சட்டத்தில் மாற்றி எழுதப்பட்ட ஆறு சொற்களைப் பற்றிக் கதைக்கப் போகிறேன்.

இந்தியாவின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005ஆம் ஆண்டு ஒக்டோபர் 12ஆம் திகதி முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதில் எட்டாம் பிரிவு, எந்தெந்தத் தகவலைத் தர மறுக்கலாம் என்று சொல்கிறது. 8(1)(j) என்ற உட்பிரிவு தனிநபர் தகவலைப் பற்றியது. ஒருவருடைய தனிப்பட்ட தகவல், பொதுச் செயற்பாட்டோடும் பொதுநலனோடும் தொடர்பில்லாதது என்றால் மறுக்கலாம். அவருடைய அந்தரங்கத்தில் தேவையில்லாமல் நுழைவதாக இருந்தாலும் மறுக்கலாம். ஆனால் பரந்த பொதுநலன் அதைக் கேட்கிறது என்றால் கொடுக்கலாம். அதோடு ஒரு வாக்கியமும் இருந்தது. நாடாளுமன்றத்துக்கோ சட்டசபைக்கோ மறுக்க முடியாத தகவலை எந்தவொரு மனிதருக்கும் மறுக்கக் கூடாது. ஒரு சாதாரண ஆளை நாடாளுமன்றத்தோடு ஒரே தராசில் வைத்த வாக்கியம் அது.

2023ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று இன்னொன்றை நிறைவேற்றினார்கள். அதன் 44(3) பிரிவு, நான் இப்போது சொன்ன அத்தனையையும் வெட்டிவிட்டு ஆங்கிலத்தில் ஆறு சொற்களை வைத்தது. தமிழில் 'தனிநபர் தகவல் தொடர்பான தகவல்' என்று முடிந்துவிடும். அவ்வளவுதான். தனிநபர் தகவலா, மறுக்கலாம். அந்தப் பிரிவு 2025 நவம்பர் 14ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது.

இதில் என்ன பெரிய விசயம் என்று கேட்கலாம். பெயர் தனிநபர் தகவல். கையெழுத்து தனிநபர் தகவல். பங்கீட்டுக் கடையில் யாருக்கு எத்தனை கிலோ அரிசி போனது என்ற பதிவேட்டில் பெயர் இருக்கிறது. வீதி போட்ட ஒப்பந்தக்காரருக்கு ஒரு பெயர் இருக்கிறது. கோப்பில் ஒப்பமிட்ட அதிகாரிக்கும் பெயர் இருக்கிறது. பெயர்களை எடுத்துவிட்டால் ஊழலுக்கு உடம்பு இருக்கும், முகம் இருக்காது.

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்பதை நினைத்தால் இது இன்னும் விளங்கும். ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு. அருணா ராய், நிக்கில் டே, சங்கர் சிங் போன்றவர்கள் ஊர் மக்களோடு சேர்ந்து 1990இல் தொடங்கியது. 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் அவர்கள் முதலாவது பொது விசாரணையை நடத்தினார்கள். எப்படி? கூலிப் பதிவேட்டை எடுத்து ஊருக்கு நடுவில் சத்தமாக வாசிப்பது. ஒரு பெயரை வாசித்ததும், 'நான் அந்த வேலைக்கே போகவில்லையே' என்று ஒருவர் எழும்புவார். இன்னொரு பெயரை வாசித்தால், 'அவர் செத்துப் போய்விட்டாரே' என்று சனம் சொல்லும். எழுத வாசிக்கத் தெரியாத மக்கள் ஓர் ஆவணத்தைத் திருத்திய விதம் அது. அவர்களுக்குக் கிடைத்த ஒரே ஆயுதம், கடதாசியில் இருந்த பெயர்.

1996இல் பியாவர் நகரத்தில் நாற்பது நாள் தெருவில் இருந்தார்கள். 'எங்கள் பணம், எங்கள் கணக்கு' என்பதுதான் கோசம். அடுத்த வருசம், 1997இல், தமிழ்நாடு தனக்கென ஒரு தகவல் உரிமைச் சட்டத்தை இயற்றியது. இந்திய மாநிலங்களில் அதுதான் முதலாவது. விலக்குகள் நிறைந்த சட்டம் என்று அப்போதே சொன்னார்கள். என்றாலும் முதல் என்பது முதல்தான்.

கணக்குக் கேட்பது நமக்குப் புதிதா? உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றித் தேர்தல், குடவோலை என்று பெருமையாகச் சொல்வோம். முதலாம் பராந்தக சோழன் காலம், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கம். அதே கல்வெட்டில் இன்னொரு விதி உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் திரும்ப நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. இதைக் கல்லில் வெட்டிச் சுவரில் வைத்தார்கள். அந்தச் சபை எல்லோருக்குமான சபை இல்லை, நிலமும் சாதியும் பார்த்துச் சேர்த்த சபை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கணக்கு என்பது சுவரில் இருக்க வேண்டிய பொருள் என்ற எண்ணம் அன்றே இருந்திருக்கிறது.

இனி மக்கள் இதை எப்படி எதிர்கொண்டார்கள் என்று பார்ப்போம். இந்தச் சட்டத்தில் கை வைப்பது 2023இல் தொடங்கவில்லை. 2006இல், சட்டத்துக்கு ஒரு வயது ஆகும் முன்னரே, கோப்புக் குறிப்புகளை விலக்க மத்திய அமைச்சரவை முடிவு எடுத்தது. கோப்பின் பக்கத்தில் எந்த அதிகாரி என்ன எழுதினார், யார் மறுத்தார், யார் அதை மீறி ஒப்பமிட்டார் என்பதுதான் கோப்புக் குறிப்பு. அதை எடுத்துவிட்டால் முடிவு மட்டும் மிஞ்சும், முடிவெடுத்தவர் மறைந்துவிடுவார். நாடு முழுக்க எதிர்ப்புக் கிளம்பியது. அண்ணா ஹசாரே ஆளந்தியில் உண்ணாவிரதம் இருந்தார். அரசு பின்வாங்கியது. 2013இல் ஆறு தேசியக் கட்சிகளும் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்று மத்தியத் தகவல் ஆணையம் சொன்னது. நாளாந்தம் சண்டை பிடிக்கிற கட்சிகள் அதற்கு எதிராக மட்டும் ஒற்றுமையாகின. அவசரமாக ஒரு மசோதா வந்தது. அதுவும் எதிர்ப்பினால் நிலைக்குழுவுக்குப் போய்க் காலாவதியானது.

2019இல் முடியவில்லை. தகவல் ஆணையர்களுக்கு இருந்த ஐந்து வருடப் பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் மத்திய அரசே விதி போட்டுத் தீர்மானிக்கலாம் என்று சட்டத்தை மாற்றினார்கள். பிறகு வந்த விதி பதவிக்காலத்தை மூன்று வருடமாக்கியது. எதிர்க்கட்சிகள் தெரிவுக்குழுவுக்கு அனுப்பக் கேட்டன, கிடைக்கவில்லை. 2023 ஓகஸ்டில் மக்களவையில் மணிப்பூர் பற்றிய அமளி நடந்துகொண்டிருக்க, தரவுப் பாதுகாப்பு மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது.

2006இல் வந்த சனம் 2023இல் ஏன் அந்த அளவுக்கு வரவில்லை? சனத்துக்கு அக்கறை குறைந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை. போராட்டக்காரர் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். 2025 ஏப்ரலில் 120க்கும் மேற்பட்ட எதிர்க்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர்கள் 44(3) பிரிவை நீக்கச் சொல்லிக் கையெழுத்திட்டார்கள். டெல்லி உயர் நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி ஏ.பி. ஷா எழுதினார். பத்திரிகை ஆசிரியர் சங்கம் எழுதியது. ஆனால் 2006இல் முன்வாசலால் வந்த வெட்டு, இந்த முறை பக்கத்து வீட்டுக்குள்ளால் வந்தது. தகவல் உரிமைச் சட்டத்தை மாற்றுகிறோம் என்று சொன்னால் தெரு நிரம்பும். உங்கள் கைபேசி எண்ணைப் பாதுகாக்கிறோம் என்று சொன்னால் யார் எதிர்ப்பார்? அந்தரங்கம் நல்ல சொல். நல்ல சொல்லுக்கு எதிராகக் கோசம் போடுவது கடினம்.

அரசு தரப்பு வாதத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 2017இல் இந்திய உச்ச நீதிமன்றம் புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றது. அதற்கு ஏற்பச் சட்டத்தை மாற்றினோம் என்கிறார்கள். 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது, பொதுநலன் பெரிது என்றால் அதிகாரி தகவலைக் கொடுக்கலாம் என்கிறார்கள். உண்மைதான், இருக்கிறது. 'கொடுக்கலாம்' என்றுதான் இருக்கிறது. முன்பு அதிகாரி, இது பொதுக் காரியமா சொந்தக் காரியமா என்று முதலில் யோசிக்க வேண்டும். இப்போது பெயரைக் கண்டதும் கதவைச் சாத்திவிடலாம். கேட்டவர் அதற்குப் பிறகு பொதுநலனைச் சொல்லி வாதாடி, மேன்முறையீட்டுக்குப் போய், ஆணையத்துக்குப் போய்... பத்து ரூபாய் கட்டி ஒரு கடதாசி எழுதிய கிராமத்து அம்மாவுக்கு அது எவ்வளவு தூரம்? போதாக்குறைக்கு, தரவுச் சட்டத்தின் உச்ச அபராதம் 250 கோடி ரூபாய். பழைய வரைவுகளில் பத்திரிகைத் தொழிலுக்கு இருந்த விலக்கு, நிறைவேறிய சட்டத்தில் இல்லை.

இதுவரை சொன்னதோடு நிறுத்தினால் இது ஓர் இந்தியச் செய்தி. நமக்கு இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் நான் நேர்மையாகப் பேசியவன் ஆக மாட்டேன்.

பட்டியல் என்றால் நமக்குப் பயம். 1983 யூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்தவர்களின் கைகளில் வாக்காளர் பட்டியல் இருந்தது. வாக்காளர் பட்டியல் ஒரு பொது ஆவணம். யாரும் பார்க்கலாம். எந்தத் தெருவில் எந்த இலக்கத்தில் எந்தப் பெயர் இருக்கிறது என்று பார்த்துத்தான் வந்தார்கள். ஆகவே எல்லா ஆவணத்தையும் எல்லோருக்கும் திற என்று ஈழத்தமிழர் ஒருவர் சுலபமாகச் சொல்லிவிட முடியாது. தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் ராஜராஜன் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களை வெட்டி வைத்திருக்கிறான். எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்று. வரலாற்றாசிரியர்களுக்கு அது பொக்கிசம். அந்தப் பெண்களை யாராவது கேட்டார்களா என்றும் எனக்குத் தோன்றுவது உண்டு.

அது திறந்த பட்டியல். மூடிய பட்டியலும் நமக்குத் தெரியும்.

2009 மே மாதம், வட்டுவாகல். குடும்பங்கள் தங்கள் ஆட்களைத் தங்கள் கையாலேயே இராணுவத்திடம் ஒப்படைத்தார்கள். அருட்தந்தை பிரான்சிஸ் யோசப், யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர், சரணடைந்தவர்களின் பெயர்களை எழுதினார் என்றும், அவர்களோடு பேருந்தில் ஏறினார் என்றும் குடும்பத்தினர் சாட்சியம் சொல்கிறார்கள். பேருந்தில் போனவர்கள் திரும்பவில்லை. பெயர் எழுதியவரும் திரும்பவில்லை. அந்தக் கடதாசியும் திரும்பவில்லை.

இலங்கையின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இல் நிறைவேறி, 2017 பெப்ரவரி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதே மாதம் 20ஆம் திகதி கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் தாய்மார் பந்தல் போட்டு இருந்தார்கள். பதினேழு நாள் இடைவெளி. ஒரு பக்கம் கேட்டால் சொல்ல வேண்டும் என்ற சட்டம். மறு பக்கம் ஒரே ஒரு கேள்வி: எங்கள் பிள்ளைகள் எங்கே, பட்டியலைத் தா. அந்த வருசம் யூனில் யாழ்ப்பாணத்தில் அவர்களைச் சந்தித்த சனாதிபதி மைத்திரிபால சிறிசேன, பட்டியலை வெளியிடப் பணிப்பேன் என்றார். வரவில்லை. பின்னர் ஒரு தமிழ்ப் பத்திரிகையாளர் தகவல் சட்டத்தின் கீழ் இராணுவத்திடம் கேட்டார். எவரும் இராணுவத்திடம் சரணடையவில்லை, அரசாங்கத்திடம்தான் சரணடைந்தார்கள் என்று பதில் வந்தது. இந்தப் பதிலை ஒரு சிறுகதையில் எழுதினால் நம்ப மாட்டீர்கள்.

ஆனால் அந்தப் பதிலுக்கும் ஒரு பெறுமதி உண்டு. அது எழுத்தில் இருக்கிறது. அரசு தன் கையால் எழுதிய பொய்யும் ஓர் ஆவணம்தான். நாளைக்கு ஒரு நீதிமன்றத்தில் அதை வைக்கலாம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இலங்கைச் சட்டத்தில் தனிநபர் தகவல் பற்றிய 5(1)(a) பிரிவு, இந்தியாவின் பழைய 8(1)(j) பிரிவைப் பார்த்து எழுதியது போலவே இருக்கும். பொதுச் செயற்பாட்டோடு தொடர்பில்லாதது, அந்தரங்கத்தில் தேவையற்ற நுழைவு, பரந்த பொதுநலன் என்று அநேகமாக அதே சொற்கள். டெல்லி அழித்த வாக்கியம் கொழும்பில் இன்னும் உயிரோடு இருக்கிறது. எழுதும்போது அயலவரைப் பார்த்து எழுதியவர்கள், அழிக்கும்போதும் பார்த்து அழிக்கலாம். டெல்லிச் செய்தி கிளிநொச்சித் தாய்மாருக்கு ஏன் முக்கியம் என்றால் இதனால்தான்.

அப்படியானால் திறந்த பட்டியலும் கொல்கிறது, மூடிய பட்டியலும் கொல்கிறது. என்ன செய்வது? யாருடைய பெயர், யாருடைய கையில் என்று கேட்பதுதான் வழி என்று நினைக்கிறேன். 1983இல் திறந்து கிடந்தது பலமில்லாதவர்களின் முகவரி. 2009க்குப் பிறகு மூடிக் கிடப்பது பலமுள்ளவர்களின் செயல். இரண்டையும் 'தனிநபர் தகவல்' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவதுதான் ஆறு சொற்களின் பிழை.

இந்த இரண்டையும் பிரித்து எழுத முடியாதா? முடியும். நாம் இருக்கிற நாட்டிலேயே எழுதியிருக்கிறார்கள். கனடாவின் தகவல் பெறும் சட்டமும் அந்தரங்கச் சட்டமும் இரட்டைப் பிள்ளைகள். இரண்டும் 1983 யூலை 1ஆம் திகதி ஒன்றாக நடைமுறைக்கு வந்தன. அதே யூலை, கொழும்பு எரிந்த அதே மாதம். அந்தரங்கச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு தனிநபர் தகவல் என்றால் என்ன என்று நீளமாகப் பட்டியல் போட்டுவிட்டு, தகவல் கேட்பவர் விசயத்தில் எது அதில் அடங்காது என்றும் சொல்கிறது. அரச ஊழியரின் பதவி, பொறுப்பு, சம்பள வரம்பு, வேலையின்போது அவர் தயாரித்த ஆவணத்தில் இருக்கும் அவருடைய பெயர், இவை அடங்காது. அரசிடம் அனுமதிப்பத்திரம் போன்ற பணப் பயன் பெற்றவரின் பெயரும் அதன் விபரமும் அடங்காது. அதாவது நீ வீட்டில் யார் என்பது உன் விசயம். அரச மேசையில் நீ செய்தது எங்கள் விசயம்.

1997இல் இங்கே உச்ச நீதிமன்றத்துக்கு டாக் வழக்கு என்று ஒன்று போனது. நிதி அமைச்சில் வார இறுதியில் வேலைக்கு வந்த ஊழியர்கள் கையெழுத்திட்ட பதிவுத் தாள்களை ஒருவர் கேட்டார். பெயர்களை மறைத்துக் கொடுத்தார்கள். நீதிபதிகள் ஐந்துக்கு நான்கு என்று பிரிந்தார்கள். பெரும்பான்மை கொடுக்கச் சொன்னது. யோசித்துப் பாருங்கள், அதுவும் ஒரு வரவுப் பதிவேடு. ஒட்டாவாவில் குளிரூட்டிய அலுவலகத்துப் பதிவேடும், கோட் கிரானாவில் வெயிலில் மண் சுமந்தவர்களின் பதிவேடும் ஒரே கேள்விக்குப் பதில்: யார் வந்தார், யார் வரவில்லை?

கனடாவைப் புகழ்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அமைச்சர் அலுவலகத்தில் இருக்கிற கோப்புகளுக்கு இந்தச் சட்டம் பெரும்பாலும் எட்டாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை மாற்றுவோம் என்று 2015இல் வாக்குக் கேட்டவர்கள், 2019இல் கொண்டு வந்த சட்டத்தில் கேட்டுப் பெறும் உரிமையை அங்கே நீட்டவில்லை. தாங்களாகச் சில ஆவணங்களை வெளியிடுவோம் என்றார்கள். கியூபெக்கின் 1982ஆம் ஆண்டுச் சட்டத்திலும் முதல்வர், அமைச்சர் அலுவலக ஆவணங்களை அவர்கள் விரும்பினால்தான் காட்டலாம். அந்த 2019 கோடையில் டெல்லியில் சனம் வீதிக்கு வந்தது. இங்கே சில ஆசிரிய தலையங்கங்கள் வந்தன. பியாவரில் நாற்பது நாள் தெருவில் இருந்து பெற்ற உரிமையை நாங்கள் இங்கே ஐந்து டொலர் கட்டிப் பெறலாம். இந்த மண்டபத்தில் எத்தனை பேர் ஒருமுறையாவது கட்டியிருக்கிறோம்?

கட்டியவர்கள் என்ன பெற்றார்கள் என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். 2010 ஓகஸ்டில் சன் சீ கப்பல் 492 தமிழருடன் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்தது. அதில் 49 பேர் பிள்ளைகள். அரசு பாதுகாப்பு, பயங்கரவாதம் என்று பேசியது. மொன்றியலில் இயங்கும் அகதிகளுக்கான கனடிய மன்றம், தகவல் சட்டத்தின் வழியாக வெளிவந்த உள்குறிப்புகளை வைத்து 2015இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. இனிமேல் இப்படிக் கப்பலில் வரக்கூடாது என்று மற்றவர்களுக்குப் பாடமாக, இருக்கிற சட்ட வழிகளை எல்லாம் இவர்களுக்கு எதிராகப் பாவிப்பது என்று அதிகாரிகள் திட்டமிட்டது அதில் தெரிந்தது. கப்பலில் வந்தவர்களின் பெயர்களை வெளியிடத் தேவையே இருக்கவில்லை. பலமில்லாதவரின் பெயரை மூடி, பலமுள்ளவரின் திட்டத்தைத் திறக்க முடியும் என்பதற்கு நம்முடைய கப்பலே சாட்சி.

நான் சில காலம் அகதி வழக்குகளுக்கு மொழிபெயர்ப்பாளனாக வேலை செய்தேன். பார்க் எக்ஸ்ரென்சனில் இருந்த ஓர் அம்மா தன்னுடைய சொந்தக் கோப்பைக் கேட்டு எடுத்தார். அவர் தேடியது சட்டக் காரணம் ஒன்றுக்காக அல்ல. இறந்துபோன கணவர் முதல் விசாரணையில் என்ன சொன்னார் என்று அறியவேண்டும். கொஞ்சப் பக்கங்கள் வெள்ளையாக மறைத்து வந்தன. மற்றதில் கணவரின் வாக்குமூலம் இருந்தது. ஊர், ஒழுங்கை, கிணறு எல்லாம். அதைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொன்னார். மூன்று தரம் வாசித்தேன். ஓர் ஆவணம் என்ன செய்யும் என்று என்னிடம் கேட்டால் நான் இதைத்தான் நினைப்பேன்.

கடைசியாக, எழுதுகிறவர்களுக்கு. இந்தியச் சட்டத்தில் கேட்கும் உரிமை குடிமக்களுக்கு மட்டும். இலங்கையிலும் அப்படித்தான். வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த நாங்கள் அங்கே கேட்க முடியாது. ஆனால் கனடாவில் நிற்கிற எவரும் கனடாவைக் கேட்கலாம். குடிமகனாக இருக்க வேண்டியதில்லை. 2009இல் ஒட்டாவாவுக்குத் தெரிந்தது என்ன? 1986இல் நியூபவுண்ட்லாந்துக் கரையில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரைப் பற்றி அமைச்சுகள் தங்களுக்குள் என்ன எழுதின? அந்தக் கடதாசிகள் எங்கோ ஒரு பெட்டியில் இருக்கும். நம்முடைய நாவல்கள் நினைவிலிருந்து எழுதப்படுகின்றன. நினைவு நல்லது, ஆனால் அதற்கு எதிர்த்தரப்பின் கோப்பும் வேண்டும். நமக்கு நடந்ததை நாம் சொல்வோம். நமக்குச் செய்ததை அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அங்கே கேட்கக்கூடியவர்களுக்கு நாம் செய்யக்கூடியதும் இருக்கிறது. விண்ணப்பத்தை எழுதிக் கொடுக்கலாம், மேன்முறையீட்டுக்குத் துணை நிற்கலாம், வந்த பதிலையும் வராத பதிலையும் பதிப்பிக்கலாம். 2010இல் குசராத் உயர் நீதிமன்றத்துக்கு முன்னாலேயே அமித் ஜேத்வா என்ற தகவல் உரிமைச் செயற்பாட்டாளரைச் சுட்டுக் கொன்றார்கள். தனியாகக் கேட்கிறவரைக் கொல்வது சுலபம். ஆயிரம் பேர் கேட்கிற கேள்வியைக் கொல்வது அவ்வளவு சுலபம் இல்லை.

இனி உங்கள் கேள்விகள். இணையத்தில் இருப்பவர்கள் எழுதி அனுப்பலாம்.